மணிக்கட்டு முறிவும் அகத்தே வைத்த உலோகமும்

மக்களுடைய உறுப்புக்களுள் தொழிலுக்கு முதற்கருவியாய் அமைந்தது கை. ஏரும் எழுதுகோலும் உளியும் ஊசியும் கைக்குப் பின்னர் வந்த கருவிகளே. அக்கையின் வலிமை முன்னங்கைத் தசைகளிற் பிறந்து, மணிக்கட்டு என்னும் ஒடுங்கிய வாயிலினூடாக விரல்களைச் சென்றடைகின்றது. ஆகவே மணிக்கட்டுக்கு நேரும் ஊறு அவ்விடத்தோடு நின்றுவிடுவதன்று; விரல் நுனிவரை செல்லுவது.

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் இவ்வுண்மை கண்கூடு. பசறையிலும் மடுல்சீமையிலும் நமுனுகுலைச் சாரல்களிலும் கொழுந்தெடுக்கும் பெண், பெருவிரல் நுனியையும் சுட்டுவிரலையும் கூட்டி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தளிரைக் கிள்ளுகின்றாள். ஒரு நாளில் இச்செயலை அவள் ஆயிரக்கணக்கான முறை செய்தாகல் வேண்டும். பெருவிரலின் நுனிக்கணு மடங்காதாயின் கொழுந்து கைக்கு வாராது. கொழுந்து வாராதாயின் நிறுவையில் நிறை குறையும். நிறை குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும்.

அத்தகைய கையொன்று முறிந்து, வைத்தியசாலையில் தகடு பொருத்தப்பெற்று, என்பும் நன்கு கூடிய பின்னர், மாதங்கள் பல கழிந்தோ ஆண்டுகள் சில கழிந்தோ பெருவிரல் திடீரெனச் செயலிழத்தல் உண்டு. என்பு கூடியதும் சிகிச்சை முற்றிற்று என்று எண்ணியிருந்தவர்க்கு இது விளங்காப் புதிராகத் தோன்றும். உண்மையில் இது முன்னறியக் கூடியது. பெரும்பாலும் தடுக்கவுங் கூடியது. அஃது எவ்வாறு என்பதையும், உள்ளே வைத்த உலோகத்தை எப்பொழுது எடுக்க வேண்டும், எப்பொழுது எடுக்க வேண்டியதில்லை என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முறிவின் இயல்பு

முன்னங்கையில் நீண்ட என்புகள் இரண்டுள. பெருவிரற் பக்கத்தது ஆரை என்பு. சுண்டுவிரற் பக்கத்தது அரந்தி என்பு. இவற்றுள் ஆரை என்பின் கீழ்முனை அகன்று விரிந்து, மணிக்கட்டிலுள்ள சிற்றென்புகளைத் தாங்கி நிற்கின்றது. அம்முனையின் உட்புறம் கடற்பஞ்சு போன்ற மென்மையான என்பினால் நிறைந்தது. வெளிப்புறம் மெல்லிய ஓடு போன்றது. வழுக்கி விழுபவர் தம்மையறியாமலே கையை நீட்டி ஊன்றுவர். அப்பொழுது உடலின் நிறை முழுவதும் அவ்வோட்டின் மீது விழுதலால், மூட்டுக்கு ஓர் அங்குலமளவு மேலே என்பு முறிந்து, கீழ்த்துண்டு புறங்கைப் பக்கமாகச் சரிகின்றது. பக்கவாட்டில் நோக்கின், கவிழ்த்து வைத்த முள்ளுக்கரண்டியின் வளைவைப் போல மணிக்கட்டு தோற்றமளிக்கும்.

இளைஞரிடத்து இம்முறிவு பெரும் விசையினால் நேர்வது. மோட்டார்ச் சைக்கிள் விபத்தும் மரத்திலிருந்து விழுதலும் அதற்குக் காரணமாவன. மாதவிடாய் நின்ற பெண்களிடத்தோ நின்ற நிலையிலிருந்து விழுதலே போதியது. அவர்தம் உடலில் ஈத்திரோசன் என்னும் சுரப்பு குறைதலால் என்பின் செறிவு நாளடைவிற் குன்றுகின்றது. எனவே ஐம்பதைக் கடந்த பெண்ணொருத்தியின் மணிக்கட்டு முறிவு, உடம்பின் ஏனைய என்புகளும் நொய்ந்துள்ளன என்பதற்கு முதல் அறிகுறியாதல் கூடும்.

விழுதற்கு ஏதுவான நிலம் ஊவாவிற் குறைவன்று. அப்புத்தளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் பதுளை நோக்கி இறங்கும் மலைகள் செங்குத்தானவை. மண்ணரிப்பைத் தடுக்க மலையின் குறுக்கே வெட்டிய கான்களைக் கூடைச் சுமையுடன் தாண்டுதல் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையிற் கற்படிகள் பாசி பிடித்து வழுக்குகின்றன. லயன்களின் வாசற்படியும் தண்ணீர்ப் பீலியின் சுற்றுப்புறமும் அத்தன்மையனவே. சேவைக்காலம் முடிந்த பின்னரும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கச் செல்லும் முதிய பெண்கள் பலர். நொய்ந்த என்பும் வழுக்கும் நிலமும் ஒன்றுகூடுமிடத்து முறிவு நேர்தல் வியப்பன்று.

சிகிச்சை முறைகள் வளர்ந்த வரலாறு

முறிந்த என்பைக் கூட்டும் கலை மிகப் பழையது. சுச்சுருத சங்கிதை முறிவுகளை வகைப்படுத்தி, மரப்பட்டைகளையும் மூங்கிலையும் சிம்பாக வைத்துக் கட்டும் முறையைக் கூறுகின்றது. கட்டுத் தளர்ந்தால் முறிவு நிலைபெறாது என்றும், மிக இறுகினால் வீக்கமும் நோவும் சீழும் உண்டாகும் என்றும் அந்நூல் எச்சரிக்கின்றது. நம் நாட்டில் முறிவு நெரிவு வைத்தியர் பரம்பரை பரம்பரையாகக் கையாண்டு வரும் முறைக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். அவருட் பலர் கைத்திறன் மிக்கோர். ஆயினும் வீங்கும் கையில் இறுகிய கட்டு இருப்பின், குருதியோட்டம் தடைப்பட்டுச் சில மணி நேரத்துள் தசைகள் அழியத் தொடங்கும். அதனால் விரல்கள் நிலையாகச் சுருங்கிவிடுதலை 1881 ஆம் ஆண்டில் ஜேர்மானிய அறுவை வைத்தியர் வொல்க்மன் விளக்கினார். மூங்கிற் சிம்பாயினும் வைத்தியசாலையில் இட்ட பாரிசுச் சாந்துக் கட்டாயினும் இவ்விடர் ஒன்றே. விரல்களை மெல்ல நீட்டும்போது பொறுக்கலாகா நோவு எழுமாயின், அக்கட்டு அந்நேரமே தளர்த்தப்படல் வேண்டும், விடியும்வரை காத்திருத்தலாகாது.

மேனாட்டில் இம்முறிவு நெடுங்காலம் மணிக்கட்டு மூட்டின் விலகல் என்றே கருதப்பட்டது. டப்ளின் நகரத்து ஆபிரகாம் கொலிஸ் என்பார் 1814 ஆம் ஆண்டில் அஃது ஆரை என்பின் முறிவே எனத் தெளிவாக எழுதினார். றொண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டது 1895 ஆம் ஆண்டிலேயாம். கதிர்ப்படம் தோன்றுதற்கு எண்பதாண்டு முன்னரே, கண்ணாலும் கையாலும் ஆராய்ந்து கொலிஸ் இம்முடிபுக்கு வந்தமை போற்றத்தக்கது. அவர் பெயராலேயே இம்முறிவு இன்றும் வழங்குகின்றது.

விலகிய துண்டை இழுத்து நேராக்கிப் பாரிசுச் சாந்துக் கட்டு இடுதல் இன்றும் முதன்மையான சிகிச்சையே. ஐந்து அல்லது ஆறு வாரத்தில் என்பு கூடிவிடும். நேராக்கிய துண்டு மீண்டுஞ் சரியுமென அஞ்சுமிடத்து, 1909 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மாட்டின் கிர்ஷ்னர் அறிமுகப்படுத்திய மெல்லிய உருக்குக் கம்பிகளைத் தோலினூடாக என்பிற் செலுத்தி நிறுத்துவர். மூட்டின் மேற்பரப்பு பல துண்டாகப் பிளந்து நேர்ப்படாதவிடத்து, உள்ளங்கைப் பக்கத்திற் கீறித் தகடு வைத்துத் திருகாணிகளால் இறுக்குவர்.

உலோகத்தை உடம்பினுள் வைத்தல் தொடக்கத்தில் இடர் மிக்கதாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் ஆபத்நொட் லேன் என்பார் பயன்படுத்திய உருக்குத் தகடுகள் உடற்றிரவங்களால் அரிப்புண்டன. 1930 களில் அரிப்பை எதிர்க்கும் கோபாற்று கலப்புலோகம் வழக்கிற்கு வந்தது. கறையில் உருக்கும் தைத்தேனியமும் பின்னர் நிலைபெற்றன. 1958 ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்தில் அறுவை வைத்தியர் சிலர் கூடி அமைத்த ஏ.ஓ. என்னும் ஆய்வுக் குழு, என்பைப் பிணிக்கும் முறைகளை ஒழுங்குபடுத்தியது. திருகாணியின் தலை தகட்டின் துளையிலேயே பூட்டிக் கொள்ளும் இக்காலத் தகடு 2000 ஆம் ஆண்டையொட்டி மணிக்கட்டுக்குப் பரவலாயிற்று. நொய்ந்த என்பிலும் அது பிடிப்பிழக்காது நிற்றலே அதன் சிறப்பு.

ஆயினும் புதியதெல்லாம் எல்லார்க்கும் மேலானது என்று கொள்ளற்க. பிரித்தானியாவில் 18 வைத்தியசாலைகளில் 461 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2014 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூட்டுப் பரப்பைத் திறவாமலே நேராக்கக் கூடிய முறிவுகளில், கம்பி பெற்றோரும் தகடு பெற்றோரும் ஓராண்டின் பின் கையின் பயன்பாட்டில் வேறுபடவில்லை என்பது அதன் முடிபு. 2022 ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நேராக்கிய பின்னர்ச் சாந்துக் கட்டு மட்டும் பெற்ற 255 பேரையும் கம்பி பெற்ற 245 பேரையும் ஒப்பிட்டது. ஓராண்டின் பின் இரு திறத்தாரின் கைகளும் ஒத்தேயிருந்தன. ஆயினும் கட்டு மட்டும் பெற்றோருள் எட்டில் ஒருவர்க்கு, என்பு மீண்டுஞ் சரிந்தமையாற் பின்னர்ச் சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று. எனவே எனக்குத் தகடு வைக்கவில்லையே என ஏங்குதலும், தகடு வைத்தாயிற்று இனிக் கவலையில்லை என இறுமாத்தலும் ஒருங்கே தவறாம்.

சத்திரசிகிச்சையின் பின் நேரக்கூடிய இடர்கள்

இவ்விடர்களை அவை தோன்றும் காலத்தைக் கொண்டு மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, முதற் சில நாள்களில் தோன்றுவன. வீக்கத்தினால் மணிக்கட்டின் நடு நரம்பு நெருக்குண்டு, பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றில் விறைப்பு உண்டாகலாம். விறைப்பு நேரத்துக்கு நேரம் மிகுமாயின் உடனே வைத்தியரைக் காணல் வேண்டும். காயத்தில் கிருமி தொற்றுதல் மற்றையது. கம்பிகளின் நுனி தோலுக்கு வெளியே நிற்குமாயின், அவ்வழியே கிருமி புகுதல் எளிது. தோட்ட மண்ணும் ஈரமும் படும் கைக்கு இது பொருந்திய எச்சரிக்கை. கம்பி உள்ள வாரங்களில் அக்கையை மலை வேலைக்குக் கொண்டு செல்லலாகாது. கம்பியடியிற் செம்மையும் சீழும் காணின் குறித்த நாள்வரை பொறுத்திராது சென்று காட்டுதல் வேண்டும். நீரிழிவுடையோர்க்கு இவ்வவதானம் இருமடங்கு வேண்டப்படும்.

இரண்டாவது, முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும் தோன்றுவன. விரல்களும் தோள்மூட்டும் அசையாது கிடந்து இறுகுதல் இவற்றுள் மிகப் பொதுவானது. கட்டுப் போட்ட கை ஓய்ந்திருக்க வேண்டும் என்று எண்ணி விரலையும் அசையாமல் வைத்திருப்போர் பலர். கட்டுக்குள் அடங்காத விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டுதல் வேண்டும். இதனினும் கொடியது, 1900 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் சூடெக் விரித்துரைத்த நிலைமையாகும். காயத்தின் அளவுக்கு மிஞ்சிய எரிவும், பளபளக்கும் தோலும், நிற மாற்றமும், வியர்வையும், தொட்டாற் பொறாத கூச்சமும் அதன் குறிகள். காற்றுப் பட்டது என்றும் நீர் கோத்தது என்றும் கூறிக் காலங் கடத்துதல் அதனை வேரூன்றச் செய்யும். முன்கூட்டியே அறிந்து, நோவை அடக்கும் மருந்தும் முறையான பயிற்சியும் கொடுப்பின் பெரும்பாலோர் தேறுவர்.

மூன்றாவது, தசைநாண்களுக்கு நேரும் சேதம். இஃது இக்கட்டுரையின் உயிர்நிலையாதலின் சிறிது விரித்துரைக்கப்படும்.

முன்னங்கைத் தசையின் இழுவையை விரலுக்குக் கொண்டு செல்லும் கயிறே தசைநாண். பெருவிரல் நுனியை மடக்கும் நாண் மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தில், ஆரை என்பின் விளிம்பை ஒட்டிச் செல்கின்றது. தகடு வைக்கப்படுவதும் அப்பக்கத்திலேயே. ஆரை என்பின் கீழ்முனையில் மலைமுகடு போன்ற ஒரு மேட்டுக்கோடு உண்டு. தகடு அக்கோட்டுக்கு மேலே தசைப் படுக்கையின் கீழ் மறைந்து கிடக்குமாயின் நாணுக்கு இடரில்லை. மூட்டுக்கு மிக அண்மையிற் பிளந்த முறிவைப் பிணித்தற்காகத் தகட்டை அக்கோட்டைக் கடந்து வைக்க நேரின், அன்றி என்பு சற்றே சரிந்தமையால் தகட்டின் விளிம்பு மேலெழுந்து நிற்பின், விரல் மடங்குந்தோறும் நாண் உலோகத்தின் மீது உராய்கின்றது. கிணற்றுக் கயிறு கல்லில் உராய்ந்து புரிபுரியாக அறுவதைப் போல, நாணும் சிறிது சிறிதாகத் தேய்ந்து ஒரு நாள் அற்றுவிடும். தகட்டின் நிலையைக் கதிர்ப்படத்தில் நோக்கி இவ்விடரை மூன்று படியாக அளக்கும் முறையொன்றைச் சூங் என்பவரும் உடனாய்வாளரும் 2011 ஆம் ஆண்டில் வகுத்தளித்தனர். ஆகவே எந்தத் தகடு இடர் தரத்தக்கது என்பதைப் பக்கவாட்டுக் கதிர்ப்படம் ஒன்றினாலேயே பெரிதும் முன்னறியலாம்.

புறங்கைப் பக்கத்தும் இத்தகைய இடர் உண்டு. உள்ளங்கைப் பக்கமிருந்து செலுத்திய திருகாணி வேண்டியதினும் நீளமாயின், அதன் நுனி மறுபக்கம் துருத்திப் பெருவிரலை உயர்த்தும் நாணை அறுக்கும். வியப்பு யாதெனின், தகடு வையாத முறிவிலும், என்பு சிறிதும் விலகாத முறிவிலுங்கூட, சில வாரங்கள் கழித்து இந்நாண் அறுதல் உண்டு. ஒடுங்கிய தவாளிப்பிற் செல்லும் அந்நாணுக்கு வீக்கத்தினாற் குருதியூட்டம் குறைதலே அதற்குக் காரணம் என்பர்.

இவ்விடர் அருகியே நேர்வது. ஆயினும் அற்ற நாணின் முனைகள் நைந்து சுருங்கிவிடுதலால், அவற்றை ஒன்றோடொன்று வைத்துத் தைத்தல் பெரும்பாலும் இயலாது. வேறொரு விரலின் நாணை எடுத்து மாற்றிப் பொருத்தியோ, நாணொட்டு வைத்தோ மீண்டுமொரு சத்திரசிகிச்சை செய்தல் வேண்டும். பின்னர்ப் பல மாதப் பயிற்சியும் வேண்டும். அருகி நேர்வதாயினும், நேர்ந்தவர்க்கு இழப்புப் பெரிது.

நாண் அறுமுன்னர்க் கை பெரும்பாலும் முன்னறிவித்தல் செய்கின்றது. பெருவிரலை மடக்குங்கால் மணிக்கட்டில் நறநறவென்னும் உராய்வு தோன்றும். அவ்விடத்து வீக்கமும் நோவும் எழும். கிள்ளும் பிடி தளரும். இதனைச் சோதித்தல் எளிது. பெருவிரலின் கீழ்க்கணுவை மறுகையாற் பிடித்துக்கொண்டு நுனிக்கணுவை மட்டும் மடக்குக. மடங்குமாயின் மடக்கும் நாண் உளது. உள்ளங்கையை மேசைமீது பதித்து வைத்துப் பெருவிரலை மட்டும் மேலே உயர்த்துக. உயருமாயின் உயர்த்தும் நாண் உளது. நோவுடனோ தளர்வுடனோ இவை நிகழுமாயின், நாண் இன்னும் அறவில்லை. ஆனால் அறும் வழியில் உள்ளது என்று கொள்ளத்தகும். உலோகத்தை எடுத்தற்கு உரிய காலம் அதுவே.

உலோகத்தை எடுத்தல்

கம்பிகளைப் பொறுத்தவரை ஐயமில்லை. நான்கு முதல் ஆறு வாரத்துள் அவை எடுக்கப்படல் வேண்டும். தோலுக்கு வெளியே நிற்கும் கம்பியைக் கிளினிக்கிலேயே இழுத்தெடுத்துவிடலாம். இனி வலியில்லை என்று எண்ணிக் குறித்த நாளில் வாராதிருத்தல் ஆபத்தானது. விட்டுவிட்ட கம்பி கிருமிக்கு வழியாகும், அன்றி இடம்பெயர்ந்து நாணையோ நரம்பையோ தாக்கும்.

தகட்டைப் பற்றி மக்களிடையே ஒன்றுக்கொன்று முரணான இரண்டு எண்ணங்கள் உலவுகின்றன. ஓராண்டு சென்றதும் தகட்டை எடுத்தேயாக வேண்டும் என்பது ஒன்று. ஒருமுறை வைத்ததை ஒருபோதும் தொடலாகாது என்பது மற்றொன்று. இரண்டும் பொருந்தா. கறையில் உருக்கும் தைத்தேனியமும் உடம்பினுள் ஆயுள் முழுவதும் தீங்கின்றிக் கிடக்க வல்லன. இடர் தாராத தகட்டை எடுத்தற்கு மருத்துவ நியாயம் இல்லை. பனிக்காலத்தில் மணிக்கட்டுச் சற்று உளைதல் முறிந்த கைக்கு இயல்பு. தகட்டை எடுத்தலால் அது நீங்கும் என உறுதி கூறவும் இயலாது.

எடுக்க வேண்டிய காரணங்கள் பின்வருவன: நாண் உராய்தலும் அதன் முன்குறிகளும், திருகாணி மூட்டினுள் நுழைந்திருத்தல், திருகாணி கழன்று வெளியேறுதல், என்பு கூடிய பின்னரும் தணியாத கிருமித்தொற்று, தகட்டினாலேயே உண்டாவது எனத் தெளியப்பட்ட நோவு, வளரும் குழந்தையின் என்பில் வைத்த சில பொருத்துகள். இவற்றோடு, நோவு சிறிதும் இல்லையாயினும் கதிர்ப்படத்தில் தகடு மேட்டுக்கோட்டைக் கடந்து துருத்தி நிற்பின், என்பு கூடியவுடன் அதனை எடுத்தல் நன்றா என்பதை வைத்தியரும் நோயாளியும் கலந்து ஆராய்தல் வேண்டும்.

எடுத்தலும் ஒரு சத்திரசிகிச்சையே என்பதை மறத்தலாகாது. பழைய தழும்பினூடே மீண்டுங் கீறும்போது, அருகிலுள்ள ஆரை நாடிக்கும் உள்ளங்கையின் தோலுக்குச் செல்லும் மெல்லிய நரம்புக்கும் ஊறு நேரலாம். தைத்தேனியத் திருகாணியின் தலை தகட்டோடு ஒட்டி இறுகிச் சுழலாது நிற்றலும், அதன் தலைப்பள்ளம் தேய்ந்து கருவி வழுக்குதலும் உண்டு. எனவே எந்த நிறுவனத்தின் எவ்வகைத் தகடு வைக்கப்பட்டது என்னும் குறிப்பு பெரிதும் உதவும். அத்தகட்டுக்கு உரிய திருப்புளியை முன்கூட்டியே ஆயத்தஞ் செய்யலாம். எடுத்த பின்னர் என்பில் எஞ்சும் துளைகள் சில மாதங்களில் நிரம்பும். அதுவரை பாரஞ் சுமத்தலையும் விழுதற்கு ஏதுவான இடங்களையும் தவிர்த்தல் வேண்டும்.

ஊவாத் தோட்டங்களும் மறுபார்வையும்

இதுகாறுங் கூறியவற்றுள் ஒன்றேனும் உலகின் ஏனைய பாகங்களுக்குப் பொருந்தாததன்று. ஆயின் ஊவாத் தோட்டங்களில் இவ்வறிவைச் செயற்படுத்தற்குச் சில தனித்தடைகள் உள. அவற்றையும் எண்ணுதல் முறையாகும்.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவம் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாகவே இருந்தது. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அம்முறையை வலியுறுத்தியது. தோட்ட மருந்தகமும் அதன் வைத்திய உதவியாளரும் அவ்வழி வந்தவை. 1990 களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் சிறிது சிறிதாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. காய்ச்சலுக்கும் மகப்பேற்றுக்கும் அண்மையில் உதவி கிடைத்தாலும், என்பு முறிவுச் சிறப்பு வைத்தியரைக் காணுதற்குப் பதுளைப் பெரிய வைத்தியசாலைக்கே செல்லுதல் வேண்டும். லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் அப்பாலுள்ள தோட்டங்களிலிருந்து வருவோர், மலையிறங்கிச் சந்திக்கு நடந்து, பேருந்து மாறி வந்து, வரிசையில் நின்று திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நாட்கூலி இழப்பதற்கும் பேருந்துக்கும் உடன் வருவார் ஒருவரின் கூலிக்கும் அவ்விலக்கு இல்லை.

ஆகவே முதல் மறுபார்வைக்கு வருவோர் இரண்டாவதற்கு வாராதொழிதலும், இரண்டாவதற்கு வருவோர் நோவு நீங்கியதும் நின்றுவிடுதலும் எதிர்பார்க்கத் தக்கனவே. இதனை அறியாமை என்று ஒதுக்குதல் நியாயமன்று. நோவில்லாத கைக்காக ஒரு நாட்கூலியை இழக்க யார் துணிவர்? ஆனால் நாண் தேய்வது அந்நோவில்லாத காலத்திலேயே என்பதை அவர்க்கு எவரும் விளங்க உரைத்திலர். உரைப்பினும் அவர் மொழியில் உரைத்தல் வேண்டும். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தினால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. பெருவிரல் தளர்ந்தால் உடனே வருக என்னும் ஒரு வரி நோயாளியின் கொப்பியில் தமிழில் எழுதப்பட்டிருக்குமாயின், அது தகட்டின் விலையினும் மேலான பயனைத் தரும்.

நாட்டின் பொருணிலையும் இதிற் குறுக்கிடுவது. 2022 ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி இன்றி மருந்துகளுக்கும் சத்திரசிகிச்சைப் பொருள்களுக்கும் தட்டுப்பாடு நேர்ந்தபோது, அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் சில வைத்தியசாலைகளில் ஒத்திவைக்கப்பட்டன. உலோகத்தை எடுத்தல் அவசரமற்றது என்னும் வரிசையிலேயே வழக்கமாகச் சேர்க்கப்படும். கதிர்ப்படத்தில் தகடு துருத்தி நிற்க, கையில் உராய்வும் தோன்றிவிட்டதாயின், அது பின்போடத் தக்கதன்று. இவ்வேறுபாட்டை நோயாளி தாமே எடுத்துரைக்க அறிந்திருத்தல் நன்று.

மேலும், மலையில் வேலை செய்யும்போது விழுந்து கை முறிந்ததாயின், அது 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்பாற் படத்தக்க காயமாகும். விழுந்த அன்றே தோட்ட அலுவலகத்திலும் மருந்தகத்திலும் அதனைப் பதிவித்தல் வேண்டும். ஆண்டுகள் சில கழித்துப் பெருவிரல் செயலிழப்பின், அவ்விழப்பை முதற் காயத்தோடு தொடர்புறுத்திக் காட்டுவன அப்பதிவும், கதிர்ப்படங்களும், கிளினிக் கொப்பியுமே. மழை நனையாத உறையில் இட்டு அவற்றைப் பேணுதல் ஒரு சொத்தைப் பேணுதலுக்கு ஒப்பாகும்.

தோட்டத்திலேயே செய்யத்தக்கனவும் உள. முன்கூறிய இரு பெருவிரற் சோதனைகளுக்கும் கருவி எதுவும் வேண்டியதில்லை; அரை நிமிடமே போதும். தோட்ட வைத்திய உதவியாளரும், சுகாதாரப் பணியாளரும், பள்ளியிற் பயிலும் பிள்ளைகளுங்கூட அவற்றைச் செய்து பார்த்தல் கூடும். தகடு வைக்கப்பெற்ற ஒவ்வொருவரையும் சில மாதங்களுக்கு ஒருமுறை இவ்வாறு சோதித்து, ஐயம் தோன்றுவோரை மட்டும் பதுளைக்கு அனுப்பின், வீணான பயணமும் குறையும். வேண்டிய பயணமும் தவறாது. கங்காணியும் நிருவாகமும் அந்நாளைக்கு விடுப்புத் தர இசைதல் இம்முறைக்கு இன்றியமையாதது. தேர்ந்த கையொன்றை இழத்தல் தோட்டத்துக்கும் நட்டமே அன்றோ!

முடிவுரை

வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது, வைத்தியனையும் மருந்தையும் மட்டும் கொண்டமைந்தாரல்லர். நோயாளியையும் உடனிருந்து பேணுபவனையும் அக்கூறுகளுள் வைத்தார். மணிக்கட்டு முறிவில் அப்பகுப்பின் உண்மை நன்கு புலனாகின்றது. தகட்டைச் செம்மையாக வைத்தல் வைத்தியர் கடன். அரிப்புறாத உலோகத்தை ஆக்குதல் தொழில்நுட்பத்தார் கடன். அதன் பின்னர் அக்கையில் நிகழ்வதைக் கவனித்தல் நோயாளியும் அவரைச் சூழ்ந்தோரும் ஏற்க வேண்டிய கடன்.

உள்ளே வைத்த உலோகத்தை எடுக்க வேண்டுமா, விட்டுவிடலாமா என்பதற்கு எல்லார்க்கும் ஒத்த ஒரே விடை இல்லை. தகடு நிற்கும் இடமும், கை செய்யும் தொழிலும், தோன்றும் குறிகளுமே அதனைத் தீர்மானிப்பன. தூரமும் பேருந்துக் கட்டணமும் ஒரு நாட்கூலியும் அதனைத் தீர்மானிக்க விடுதல் தகாது. மாணவராகிய நாம் நம் வீட்டிலோ அயல் லயனிலோ தகடு வைத்த கையுடைய அன்னையர் உளராயின், அவர்தம் பெருவிரல் நுனி தனித்து மடங்குகின்றதா என்று இன்றே கேட்டறிதல் வேண்டும். நோவோ தளர்வோ உளதாயின், கொப்பியையும் கதிர்ப்படத்தையும் எடுத்துக்கொண்டு அவருடன் நாமும் பதுளைக்குச் செல்லுதல் வேண்டும்.